பத்தும் பதினொன்றும்

ஊபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
குளிர்சாதனம் ஏழு மணிக்கே நின்றுவிட்டது.
நான் இன்னும்
ஒரே வரியின் முன்னால்.

வரியில் பிழையில்லை.
பைதான் சிவப்பாக எதுவும் கத்தவில்லை.
கத்தியிருந்தால் தேவலை,
வரி எண் சொல்லி
காதைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கும்.
இதுவோ சமர்த்தாக ஓடி முடிந்து
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு என்கிறது.
கிராஞ்சி விடுதியில் பணம் கட்டியவர்கள்
நானூற்று முப்பத்தொன்பது.

இருபத்தேழு பேர்
வேலை முடிந்து லாரியிலிருந்து இறங்கி
வரிசையில் நின்று அட்டையை நீட்டி
"பேர் இல்லையேப்பா" என்று கேட்டுத் திரும்பியவர்கள்.
இரண்டு இரவாக.

அதில் ஒருவர் சோலையப்பன்.
விடுதிப் பதிவேட்டில் சோலையப்பன் இருக்கிறார்.
சமையற்கூடப் பட்டியலிலும் சோலையப்பன் இருக்கிறார்.
இருவரும் ஒருவர்தானா என்று கேட்டால்
இல்லை என்கிறது கணினி.
திரும்பக் கேட்டேன்.
இல்லை.

ஜுன் ஹாவை அழைத்தேன். பேருந்தில் இருந்தான்.
"ஓரத்தில் இடைவெளி ஒட்டியிருக்கும், ஸ்ட்ரிப் போடு."
போட்டேன்.
"பிரிண்ட் பண்ணிப் பார்."
பார்த்தேன். அதே சோலையப்பன்,
ஒருவர் கீழ் ஒருவராக,
அச்சில் வார்த்ததுபோல.
தெம்பனிஸ் வரும் முன் அவன் சார்ஜ் தீர்ந்தது.

ஹயாத்தி பையை மாட்டிக்கொண்டு நின்றவள்
பையைக் கழற்றாமலே என் திரைக்குக் குனிந்தாள்.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
"முறுக்கு" தெரியும், "சும்மா" தெரியும்.
"இந்தப் பெயர் எத்தனை எழுத்து?"

சோ, லை, ய, ப், ப, ன்.
ஆறு என்றேன், இரண்டாம் வகுப்புத் துணிச்சலோடு.
அவள் என் விசைப்பலகையை இழுத்து
லென் என்று தட்டினாள்.
மேலே இருப்பவர் பத்து.
கீழே இருப்பவர் பதினொன்று.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
திரையையே பார்த்தோம்.

நான் படித்துப் படித்து ஏமாந்திருக்கிறேன்.
கண் பட்டதும் சோலையப்பன் ஆகிவிடுகிறார்,
உள்ளே என்ன இருக்கிறதென்று
எண்ணவே தோன்றவில்லை.
படிக்கத் தெரியாதவள் எண்ணினாள்.

குறிகளைப் பிரித்து
இரண்டு நிரலாக அடுக்கினாள்.
"ச" ஒன்றே. அதன் பிறகுதான் வழி பிரிகிறது:
பதிவேட்டில் "ஓ" ஒரே குறி,
முழுசாய்ப் பிறந்தது.
சமையற்கூடத்தில் யாரோ பழைய மென்பொருளில் அடித்தது,
இரட்டைக் கொம்பு தனி, துணைக்கால் தனி.
திரையில் கைகோத்து நிற்கின்றன,
உள்ளே பேச்சுவார்த்தை இல்லை.

விட்டுப்போன பெயர்களை உருட்டினேன்.
பொன்னுரங்கம். கொளஞ்சி. மனோகர். யோவேல்.
லோகு, இன்னொரு லோகு.
எல்லாரும் ஒகரம், ஓகாரம்.
முருகேசன்கள் மூன்று பேரும்
வயிறார உண்டிருக்கிறார்கள்.

"இதற்கு என்ன செய்வது?" ஹயாத்திக்கும் தெரியவில்லை.
பத்தே காலுக்கு ஜுன் ஹாவ் வீட்டிலிருந்து வந்தான்,
தலை துவட்டியபடி, காணொளியில்.
பிரிந்த கொம்பைக் காட்டினோம்.
சிரித்தான்.
"பழைய வேலையில் வியட்நாமியப் பெயர்கள்.
மேலே ஒரு தொப்பி, அதன் மேல் ஒரு கோடு.
நான்கு நாள் தூங்கவில்லை.
அப்போது ஹனோயிலிருந்து ஒரு பெண் சொல்லித் தந்தாள்."
ஒரு வரி அனுப்பினான்.
எல்லாப் பெயரையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து
அப்புறம் ஒப்பிடு.

ஓட விட்டோம்.
நானூற்று முப்பத்தொன்பது.

அந்த வரிக்கு மேல் குறிப்பு எழுத உட்கார்ந்து
எழுதி, அழித்து,
கடைசியில் இவ்வளவுதான் வைத்தேன்:
"எடுத்துவிடாதே. பசிக்கும்."
ஹயாத்தி கடைசி ரயிலைத் தவறவிட்டு
வாடகைக் காரில் போனாள்.
பாதிக் கட்டணம் நான்.

மறுநாள் இரவு விடுதியிலிருந்து
மேற்பார்வையாளர் குரல்பதிவு அனுப்பியிருந்தார்.
எல்லாருக்கும் பொட்டலம் வந்ததாம்.
சோலையப்பன் என்பவர் மட்டும்
குழம்பில் உப்பில்லை என்கிறாராம்,
அதையும் கொஞ்சம்
கணினியில் பார்க்கச் சொன்னாராம்.